கோடையைப் பற்றிய தப்பான தகவல்கள்

அந்தத் தெருவில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனாலும் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, ஃபிரிட்ஜ் சரியாகிவிடும். இன்னொன்று, அது சரியாகி முடிவதற்குள் வீட்டுக்காரர்களுக்குக் கோடைக்காலத்தைப் பற்றி நாலு புது விஷயம் தெரிந்துவிடும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். மெக்கானிக் அப்படிப்பட்ட ஆள். கை ஒரு பக்கம் ஸ்க்ரூவைத் திருகும், வாய் ஒரு பக்கம் ஓடும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நின்றால் அறை குளிராது, சூடுதான் ஏறும் என்பார். உள்ளே இருக்கிற சூட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளுவதுதானே அதன் வேலை என்பார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் கரண்ட் பில்தான் ஏறும், சுவர் குளிராது என்பார். தெருவில் அவருக்குத் தகவல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "தகவலைக் கூப்பிடு, ஐஸ் பிடிக்க மாட்டேங்குது" என்றால் எல்லாருக்கும் புரியும்.

அவர் மனைவி தையல்காரி. இருவருக்கும் கடை ஒரே அறைதான். ஒரு பக்கம் கம்ப்ரஸரும் கேஸ் சிலிண்டரும் கதவில்லாத ஃபிரிட்ஜுகளுமாக அவருடைய ராஜ்ஜியம். மறுபக்கம் தையல் மிஷின், துணி வெட்டும் மேஜை, கொடியில் தொங்கும் பாதி தைத்த சட்டைகள். நடுவில் ஒரு திரை போடுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிப் பார்த்தாள், திரை வந்தபாடில்லை. அதனால் அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னது அத்தனையும் அவள் காதிலும் விழுந்தது. விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. முப்பது வருஷம் ஒரே கடையில் ஒரே வாயைக் கேட்டால் காது புளித்துப்போகாதா? 'உம்' கொட்டுவதில் மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மிஷினை மிதித்துக்கொண்டே, நூல் அறுந்தாலும் கவனம் சிதறாமல், சரியான இடத்தில் சரியான 'உம்' வந்து விழும்.

இதில் அவளுக்குப் பெரிய தலைவலி வேறொன்று. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால் மனுஷனுக்குப் பொறுக்காது. பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால் இவர் பின்னாலிருந்து எட்டித் திருத்துவார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஒரு பெரியவர், "பகல் ரொம்ப நீளமா இருக்கிற நாள்தான் வருஷத்துலயே சூடான நாள், அன்னிக்குப் பார்த்து இப்படிப் போயிட்டாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் புருஷன் தொடையை எவ்வளவு கிள்ளியும் பயனில்லை. நிலமும் கடலும் சூடேறுவதற்கு நாள் பிடிக்கும், பல நாடுகளில் உச்ச வெயில் அதற்கப்புறம் பல வாரம் கழித்துத்தான் வரும் என்று அழுகிற வீட்டில் உட்கார்ந்து விளக்கிவிட்டுத்தான் எழுந்தார். வீடு வந்து சேரும்வரை அவள் அவரோடு பேசவில்லை.

இப்பேர்ப்பட்ட வாய்தான் ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் போட்டு, கண்டம் தப்பி, கால் திரும்ப வந்தது, கையும் ஓரளவு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது, நினைக்கவும் முடிகிறது, நினைப்பிலிருந்து நாக்குக்குப் போகிற வழிதான் அறுந்துகிடக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

அறுந்த வழியில் அவர் ஒரே ஒரு தரம் நடந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார். 'செருப்பு' என்று வந்தது. நர்ஸ் பாவம், நல்ல பெண், ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே ஒழுங்காக வைத்தாள். அந்தச் செருப்பையே அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வாய்க்குப் பூட்டுதான். ஊரார் தப்பையெல்லாம் திருத்தின வாயிலிருந்து தப்பு வருவதா? அதற்குச் சும்மா இருப்பதே மேல் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் சொல்லாமலே அவளுக்கு அது தெரிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் ஒருமுறை கடைக்கே வந்தாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பூனை, கரண்டி, சாவி. தகவல் பூனையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. போகும்போது வாசலில் நின்று தையல்காரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இந்த மாதங்கள்தான் முக்கியம். பேசப் பேசத்தான் பேச்சு வரும், தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. இப்படியே மௌனமாக இருந்தால் அந்த மௌனமே பழகிவிடும். இன்னொன்றும் சொன்னாள்: "அவர் ஒரு வார்த்தைக்குத் திணறும்போது நீங்க எடுத்துக் கொடுத்துடாதீங்க. கஷ்டமா இருக்கும். ஆனாலும் காத்திருங்க."

காத்திருக்க அவள் தயார்தான். எதற்குக் காத்திருப்பது? கடையில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. கோடை வந்துவிட்டது, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஜனங்கள் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தகவல் தன் செத்த ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு 'உம்' கொட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. எப்போதடா இந்த வாய் ஓயும் என்று எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்! இப்போது அந்த வாய் ஒரே ஒரு தடவை திறந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் ஏன் சுடுகிறது என்று சொன்னால் போதும் என்று இருந்தது.

ஜூலை பிறந்தும் வெயில் தணியாத ஒரு மத்தியானம். கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது. தைத்துக்கொண்டிருந்த பேன்ட்டாலேயே கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னாள்:

"சூரியன் பூமிக்கிட்ட வந்துடுச்சு போல. அதான் இப்படிக் கொளுத்துது."

"இல்ல."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆயிரம் தடவை சொல்லியும் மண்டையில் ஏறவில்லையா என்கிற அதே பழைய முகம். உதடு ஏதோ ஒன்றைத் தேடியது. எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தூ... ரம்" என்றார் தகவல்.

ஆமாம், தூரம்தான். உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட பேர் வெயிலில் வேகிற ஜூலையில்தான் பூமி சூரியனை விட்டு மிகத் தூரத்தில் இருக்கிறது; கோடைக்குக் காரணம் பூமி சாய்ந்திருப்பது, கிட்டப் போவதல்ல. வருஷா வருஷம் இதைச் சொல்வார், வருஷா வருஷம் அவள் 'உம்' என்பாள். "அப்படியா சங்கதி" என்று மட்டும் அன்று சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

தையல்காரி லேசுப்பட்டவள் இல்லை. துணியைக் கையில் வாங்கினதும் எங்கே மடித்தால் எங்கே விழும் என்று தெரிந்தவள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வரும்போதே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. பூனைக்கும் கரண்டிக்கும் திறக்காத வாய் தப்புக்குத் திறக்கும். சரி, தப்பாகப் பேசிவிட்டால் போகிறது. அதற்கென்ன படிப்பா வேண்டும்?

மறுநாள், ஒட்டகம் திமிலில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டுதான் பாலைவனத்தில் போகிறது என்று ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள். தகவல் நெளிந்தார், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார், கடைசியில், "கொழுப்பு" என்றார்.

"யாருக்கு, எனக்கா?" என்றாள்.

அவர் தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன, தினம் ஒரு தப்பு. குச்சி ஐஸைப் பெரிய விஞ்ஞானி ஒருவர் பல வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார் என்றாள்; 'பையன்' என்று வந்தது. பதினோரு வயசுப் பையன் ஒருவன் குடிக்கிற கலவையைக் குச்சியோடு வெளியே மறந்து வைத்துவிட, ராத்திரிக் குளிரில் அது உறைந்துபோன கதையைத்தான் அவர் அந்த ஒரு வார்த்தையில் சொன்னார். இரும்புக் கோபுரமெல்லாம் வெயிலில் சுருங்கிவிடும் என்றாள்; 'வளரும்' என்று வந்தது. முதல் ஏசியை ஏதோ ஒரு ராஜா தன் படுக்கையறைக்காகச் செய்யச் சொன்னார் என்று அவள் அடித்துவிட்டதற்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அவர் கையால் காற்றில் எதையோ அழுத்தி அழுத்திக் காட்டினார். அவள் சட்டைக் காலரை மூன்று தரம் பிரித்துத் தைத்தாள். பொழுது சாயும் நேரத்தில், "பிரஸ்ஸு... பேப்பர்" என்று வந்தே விட்டது. மனுஷனுக்காக இல்லை, அச்சகத்தில் ஈரக்காற்றில் நெளிந்துபோன காகிதத்துக்காகத்தான் முதல் ஏசி பிறந்ததாம். பயிற்சிப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னாள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தப்பாகச் சொல்லவும் சரக்கு வேண்டும். முப்பது வருஷத்து 'உம்'முக்கு அடியில் துழாவினால் அவளிடம் மிஞ்சியது பத்துத் தகவல்கூட இல்லை. அதனால் கடைக்கு வருகிறவர்களிடமே வாயைப் பிடுங்கினாள். அவர்களிடம் இருந்தது! டீக்கடைக்காரருக்கு, வெயில் காலத்தில் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து கூட்டுக்குள் தெளித்து இறக்கையால் விசிறும் என்பது தெரிந்திருந்தது. கூலர் ரிப்பேருக்கு வந்தபோது தகவல் அண்ணன்தான் சொன்னாராம். தபால் கொடுக்கிற பெண்ணுக்கு, சூடு ஏற ஏறச் சுவர்க்கோழி வேகமாகக் கத்தும், கத்துவதை எண்ணியே எவ்வளவு வெப்பம் என்று சொல்லிவிடலாம் என்பது தெரிந்திருந்தது. எல்லாரும் கண்ணும் கருத்துமாகக் கேட்டிருக்கிறார்கள், கூடவே உட்கார்ந்திருந்த தான் மட்டும்தான் கேட்கவில்லை என்று அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னவர்களுக்கெல்லாம் பட்டன் சும்மா தைத்துக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் ஊரிலிருந்து வந்ததும்தான் வினை. அப்பா பேசுகிறார் என்று கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பயிற்சிப் பெண்ணும் அன்று வந்திருந்தாள். ஆட்கள் கூடியதும் தையல்காரிக்கும் கொஞ்சம் தலைகால் புரியாமல் போயிற்று. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாரும் பார்க்கட்டும் என்று சத்தமாக, "தர்பூசணியில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, எல்லாம் வெறும் சக்கை" என்றாள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள்.

தகவல் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும், இவளுக்குத் தெரியாதா? ஒட்டகமும் ராஜாவும் கோபுரமும் எங்கிருந்து வந்தன என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மனுஷன் மெக்கானிக், ஒரு ஒயரைப் பிடித்தால் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாதா? நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வாய் மூடியது மூடியதுதான்.

மகள் அழுது வீடியோவை அழித்தாள். தையல்காரி அவர் காலடியில் உட்கார்ந்து, கேலி செய்யவில்லை, உங்கள் குரலைக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று மன்றாடிப் பார்த்தாள். சரியான தகவலைச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அவர் திரும்பக்கூட இல்லை. பயிற்சிப் பெண் அட்டைகளைப் பையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். மகள் ஊருக்குப் போய்விட்டாள். நாட்கள் போயின. வந்த நாலு வார்த்தையும் வந்த வழியே போய்விடப்போகிறது, தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று தையல்காரி மிஷினைக் காரணமில்லாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தணிகிற சமயத்தில் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி பாவாடைக்கு நாடா மாற்ற வந்தாள். கலகலப்பான பேர்வழி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷரையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே கடைக்குள்ள ஃபிரிட்ஜும் துணியும் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டாள். கேட்டதும் தையல்காரிக்கு வாய் தானாகவே அந்தக் கதையை எடுத்தது. கல்யாண வீடு, ரயில், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை அது. அவரைச் சீண்டவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அப்போதைக்கு அவரை மறந்தே போயிருந்தாள்.

"அப்ப நான் ஒரு ரெடிமேட் கடையில தைச்சுக்கிட்டிருந்தேன். நல்ல கோடை. கஸ்டமருக்குத் தண்ணி வைக்கிற ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. இவரை அனுப்பினாங்க. வந்தாரு, பிரிச்சாரு, மாட்டினாரு, போனாரு. மறுநாள் காலையில பார்த்தா மறுபடியும் நின்னுபோய்க் கிடக்கு. திரும்ப வந்தாரு. திரும்ப நின்னுச்சு. அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். வேலை தெரியாததை மறைக்கிறதுக்கு என் மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு வெயில் அப்படி, சூரியன் இப்படின்னு ஒரே அளப்பு. ஐயோ பாவம், இந்த லட்சணத்துல வேலை தெரிஞ்சா இந்த ஆள் எப்படிப் பிழைப்பாருன்னு பரிதாபப்பட்டுத்தான் கட்டிக்கிட்டேன்."

சொல்லும்போதே வழக்கம்போல் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வந்த பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாடா மாற்றி வாங்கிக்கொண்டு, இன்னும் சிரித்தபடியே படியிறங்கிப் போனாள். தையல்காரி மறுபடி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"தப்பு."

அவள் திரும்பினாள். நாற்காலி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் அவர் கழுத்து திரும்பியிருந்தது. எது தப்பு? இன்று அவள் எந்தத் தகவலும் சொல்லவில்லையே. எழுந்து போய் அவருக்கு எதிரில் ஒரு கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்தாள். கேட்டால் ஓடிவிடுமோ என்று பயந்து ஒன்றும் கேட்கவில்லை.

"ஃபிரிட்ஜ்" என்றார். மூச்சு வாங்கினார். "மொத... நாளே... ஓடுச்சு."

"மொத நாளே சரியாயிடுச்சா? அப்புறம் ஏன் நின்னு நின்னு போச்சு?"

இதற்கு வெகுநேரம் ஆயிற்று. கை விரல் எதையோ பிடித்துத் திருகியது. நெற்றியில் வேர்த்தது. அவள் முந்தானையால் துடைக்கப் போய், கையை இழுத்துக்கொண்டு, காத்திருந்தாள்.

"நாந்தான்... ஒயரக்... கழட்டி விட்டேன்."

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருட்டு மனுஷா, ஒவ்வொரு தடவையும் போகும்போது கழற்றிவிட்டுப் போய், மறுநாள் ஒன்றும் தெரியாதவர்போல் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். அவள் பக்கத்தில் நின்று அளக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. முப்பது வருஷம். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு முன்னால், சம்பந்தி வீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில்கூட இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள், வேலை தெரியாத மெக்கானிக் என்று. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாரே! துக்க வீட்டில் வாயை மூடத் தெரியாத மனுஷன், அவள் சொன்ன இந்த ஒரு தப்பை மட்டும் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

"எத்தனை பேர் முன்னாடி உங்க மானத்தை வாங்கியிருக்கேன்" என்றாள். "ஒரு தடவையாவது தப்புன்னு சொல்லியிருக்கலாம்ல? ஏங்க சொல்லல?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வார்த்தையைத் தேடுவது தெரிந்தது. அகப்பட்டதை எடுத்து நீட்டினார்.

"நீ... அழுவ."

இல்லை, அது இல்லை. வேறு ஏதோ சொல்ல வந்து நாக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது. அவருக்கே அது தெரிந்துபோயிற்று, முகம் சுருங்கியது. போச்சு, மறுபடி பூட்டிக்கொள்ளப்போகிறார் என்று அவள் பயந்தாள். அவர் பூட்டிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் முதலிலிருந்து கிளம்பினார்.

"இல்ல. அந்தக் கதை... சொல்லும்போது... நீ சிரிப்ப."